கப்பலேறிய பெயர்

மார்ச் 4, திங்கள்

இன்று பி (P) வரிசை தொடங்கியது. என் பங்கு நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். கோமளா அக்கா தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு, "பி வரிசைதான் பெரிசு. சமர்த்தா முடிச்சிடு. மே மாசத்துக்குள்ள அச்சுக்குப் போகணும்னு சார் ஒத்தக்கால்ல நிக்கிறார்" என்றார்.

எங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதிக்கு இது மூன்றாம் பதிப்பு. ஒரு சொல்லுக்கு ஒரு தாள். நான் எழுதுவேன், கோமளா அக்கா சரிபார்ப்பார், தலைமைப் பதிப்பாசிரியர் அம்பலவாணன் சார் பச்சை மையில் ஒப்பமிடுவார். பச்சை இல்லாத தாள் அச்சுக்குப் போகாது. சார் வைத்த விதி ஒன்றும் உண்டு. ஒரு கூற்றுக்கு மூன்று அச்சுச் சான்று காட்டிவிட்டால் அவரே நினைத்தாலும் அதை வெட்ட முடியாது. இரண்டுதான் இருக்கிறது என்றால் அவருடைய அப்பாவே எழுந்து வந்து சொன்னாலும் ஏற்கமாட்டார். இந்த விதிக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

இந்தப் பதிப்பில் மஞ்சள் கட்டம் புதிது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு மட்டும் அது உண்டு. கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணீர். இந்தச் சொற்களைப் படத்தோடு போட்டுப் பள்ளிகளில் மாட்ட ஒரு சுவரொட்டியும் தயாராகிறது.

தாள்களைப் புரட்டியபோது நடுவில் அந்தச் சொல் இருந்தது. உருவி அடியில் வைத்தேன்.

விடுதியில் ஆறு மணிக்கே தண்ணீர் நின்றுவிட்டது. துணி சோப்பு நுரையோடு வாளியில் கிடக்கிறது.

மார்ச் 6, புதன்

பதினாறு சொற்கள் முடிந்தன. அடியில் இருப்பது அடியிலேயே இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

எடுத்துவிட்டேன். பரையா (pariah).

எல்லோரும் விலக்கிவைத்த ஆள் என்று ஆங்கிலத்தில் பொருள். செய்தித்தாள்களில் ஒரு நாட்டைக்கூட அப்படி எழுதுகிறார்கள். எங்கள் இரண்டாம் பதிப்பில், 612ஆம் பக்கத்தில், இதற்கு மூன்று பொருள் கொடுத்திருக்கிறார்கள். முதலில் ஒரு சாதியின் பெயர், அதுவும் 'அன்' விகுதியில். அடுத்து, தீண்டத்தகாதவன். அடுத்து, ஒதுக்கப்பட்டவன். நடுவில் அரைப்புள்ளிகள். மூன்றும் ஒன்றேதான் என்பதுபோல்.

இந்த அகராதி மாவட்டம் மாவட்டமாகப் பள்ளி நூலகங்களில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் எட்டாம் வகுப்பில் வேறு ஏதோ சொல்லைத் தேடப் போய் இந்த வரியில் விரல் வைத்தாள். பக்கத்திலிருந்த தோழி எட்டிப் பார்ப்பதற்குள் புத்தகத்தை மூடினாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தவள்.

மதியம் எலுமிச்சைச் சோறு. கல் கடித்தது.

மார்ச் 9, சனி

விடுமுறை. நூலகத்தில் மூடும்வரை இருந்தேன். ஒரு சொல்லைப் பின்னால் போய்த் தேடுவது, கரையோரமாக ஆற்றின் எதிர்த்திசையில் நடப்பதுபோல. கலங்கல் எங்கே சேர்ந்தது என்று ஒவ்வொரு வளைவிலும் குனிந்து பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் முதலில் 1613இல் வருகிறது. அப்போது அது ஒரு சாதியின் பெயர், அவ்வளவுதான். போகப்போக எந்தத் தாழ்த்தப்பட்ட சாதிக்கும் அதையே எழுதுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தில் எவன் ஒதுக்கப்பட்டாலும் அவனுக்கு அது பெயராகிவிடுகிறது. நம் ஊர்த் தெருநாய்க்கும் அதே பெயரை வைத்தார்கள். இதைப் படித்தபின் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆங்கிலத்துக்கு முன் போர்த்துக்கீசியம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் குறிப்பில் இருக்கிறது. அதற்கு முன் நம் மொழி. பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஊர் ஒரு பக்கம், பறைச்சேரி ஒரு பக்கம் என்று நிலத்தைப் பிரித்து எழுதியிருக்கிறது. இன்னும் பின்னால், மிகப் பழைய பாட்டில், அது ஒரு குடியின் பெயர். பக்கத்தில் வசை இல்லை. பறை என்ற இசைக்கருவியால் வந்த பெயர் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள், இல்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

எனக்குத் தீராத கேள்வி வேறு. கப்பலிலிருந்து இறங்கிய போர்த்துக்கீசியனுக்கு இங்கே ஒரு முகமும் தெரியாது. யாரைத் தொடலாம், யார் நிழல் ஆகாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தள்ளி நின்ற சிலரைக் காட்டி, அவர்கள் யார் என்று கேட்டிருப்பான். கரையில் நின்ற யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். பெயரை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். முகத்தையும் சுளித்திருப்பார்கள்.

அந்த முகத்தை எந்த அகராதியும் குறிக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டேன். "சார், சுவரொட்டியில பரையா இல்லையே? அதுவும் தமிழ்ச் சொல்தானே?"

அம்பலவாணன் சார் மோர்க்குழம்பைப் பிசைந்தபடியே சிரித்தார். "அது என்ன பெருமைப்படற சொல்லாம்மா? கட்டுமரம் பக்கத்துல அதைப் போட்டா படத்துக்கு யாரை வரையறது?"

கோமளா அக்கா, "பழைய பதிப்புல இருக்கறபடியே விட்டுடலாமே சார்" என்றார்.

"விடக்கூடாது. இப்ப காலம் அப்படி. அவங்க காதுல விழுந்தா நாளைக்கே கொடியைத் தூக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. நமக்கு எதுக்கு வம்பு? நித்திலா, கொஞ்சம் நாசூக்கா, யாருக்கும் உறைக்காத மாதிரி எழுதிடு. உனக்கு அது கைவந்த கலை."

அவங்க. நமக்கு.

நான் எப்போது 'நாம்' ஆனேன் என்று யோசித்தேன். மூன்று வருடம் முன்னால், நேர்காணலில். "எந்த ஊரும்மா?" "அரக்கோணம் சார்." "அரக்கோணத்துல எங்க?" "ரயில்வே காலனி." அதற்குமேல் அவரால் போக முடியவில்லை. தெருப்பெயர் இருந்தால் தெரு சொல்லிவிடும், ரயில்வே குடியிருப்பு எதையும் சொல்லாது. பிறகு என் டிபன் பாக்ஸ். விடுதியில் சைவம் மட்டும்தான் கொடுக்கிறார்கள். முதல் வாரமே கோமளா அக்கா மூடியைத் திறந்து பார்த்து, "நீயும் நம்மளை மாதிரிதானா, நெனச்சேன்" என்றார். என் ஊறுகாயை எடுத்துக்கொண்டார்.

பொய் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை. நாள் முழுவதும் பிறர் பிழையைத் திருத்துவதுதான் என் தொழில்.

மார்ச் 12, செவ்வாய்

தலைவலி. நான்கு சொற்கள்.

மார்ச் 17, ஞாயிறு

அரக்கோணம் போய் வந்தேன். அம்மா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கட்டிக் கொடுத்தாள். விடுதி வார்டன் கண்ணில் படாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அப்பா மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். கீழே நின்றபடி விஷயத்தைச் சொன்னேன். தலையை வெளியே நீட்டினார்.

"நம்ம பேரு இங்கிலீஷ்ல போயிருக்கா?"

"போயி நானூறு வருஷமாச்சுப்பா."

"என்னா அர்த்தத்துல?"

சொன்னேன். மறுபடியும் பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினார். பிறகு, "ரேஷன் கார்டுல என் பேரைத் தனபால்னு போடாம தானப்பன்னு போட்டான். அதைத் திருத்தவே மூணு வருஷம் அலைஞ்சேன். நீ நானூறு வருஷத்துத் தப்பை மே மாசத்துக்குள்ள திருத்தப் போறியா?" என்று சிரித்தார்.

"கிண்டல் பண்ணாதீங்கப்பா."

"பண்ணல. வேலையை மட்டும் கோவத்துல விட்டுறாத. நீ எழுந்து போனா அந்த நாற்காலியில அவங்க ஆளு வந்து குந்திக்குவான். அந்தக் குழாயைக் கொஞ்சம் தெற."

திறந்தேன். ஆபீசில் யாருக்கும் என்னைப் பற்றித் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

தாளைக் கொடுத்துவிட்டேன். இப்படி எழுதினேன்:

பரையா: சமூகம் விலக்கிவைத்தவர். தமிழ்நாட்டின் பெரும் மக்கட்பிரிவினரான பறையரின் பெயரிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். பெயரில் இழிவு இல்லை. அம்மக்கள்மீது இங்கே நிலவிய இகழ்ச்சியும் பெயரோடு சேர்ந்து கப்பலேறியது.

நான்கு வாக்கியங்கள். பத்து நாள் உழைப்பு. சாதிப்பெயரைப் பொருளாகத் தரவில்லை, மூலமாக மட்டும் தந்திருக்கிறேன். கோமளா அக்கா படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கடைசி வரி சார் விடமாட்டார்" என்று சொல்லி, தன் கையெழுத்தைப் பென்சிலில் போட்டார். வழக்கமாகப் பேனாவில் போடுவார்.

மார்ச் 21, வியாழன்

சார் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அபாரம்மா! வெள்ளைக்காரன் பண்ணின வேலையைக் கரெக்டா பிடிச்சுட்டே. இதுக்கு மஞ்சள் கட்டமே போடலாம்."

தாளைப் பார்த்தேன். கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, மேலே பச்சையில் எழுதியிருந்தார்: 'ஐரோப்பியர் இச்சொல்லுக்கு இழிபொருள் கற்பித்தனர்.'

"சார், நான் அப்படி எழுதலையே?"

"கருத்து அதுதானேம்மா?"

"இல்ல சார். அவங்க கத்துக்கிட்டுத்தான் போனாங்க. கத்துக்கொடுத்தது இங்க இருந்தவங்க."

சிரிப்பு குறைந்தது. "நித்திலா, அகராதி கோவப்படக் கூடாது."

"இரண்டாம் பதிப்புல கேவலப்படுத்தலாமா சார்?"

கேட்டபின்தான் குரல் உயர்ந்தது தெரிந்தது. வெளியே கோமளா அக்காவின் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது.

"சரி, ஐரோப்பியர் கற்பிச்சாங்கன்னதுக்கு மூணு சான்று இருக்கா சார்?" என்றேன்.

"அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்மா."

"அப்ப நான் எழுதினது ஊருக்குத் தெரியாததா?"

"உன் வரிக்கு முதல்ல சான்று கொண்டா" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இழிவுக்கு ஒரு வெளிநாட்டுக்காரன் கிடைத்தவுடன் எவ்வளவு நிம்மதி அவருக்கு! பத்து நாள் முன்னால் பெருமையில்லாத சொல். இன்று பழியைக் கடல்தாண்டி வீச முடியும் என்றதும் மஞ்சள் கட்டம். சேரி என்று ஊருக்கு வெளியே கோடு கிழித்தபோது எந்தக் கப்பல் நின்றது கரையில்?

மார்ச் 23, சனி

நூலகம். சான்று ஒன்று: கல்வெட்டுத் தொகுதி. சான்று இரண்டு: நூறு வருடத்துக்கு முந்தைய பழமொழித் தொகுப்பு. அந்தப் பெயரை வைத்து எத்தனை பழமொழிகள் என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். எல்லாம் சுத்தத் தமிழ். ஒன்றுகூட ஐரோப்பியன் சொன்னதில்லை.

மூன்றாவதற்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

சொல்லிவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன், பிறகு எனக்கே மாறிப்போகக் கூடாது.

பதினோரு மணிக்குச் சான்றுத் தாளோடு போனேன். சார் முதல் இரண்டையும் படித்தார். "இதெல்லாம் சரிதான். ஆனா உனக்கு எதுக்கும்மா இதுல இவ்வளவு பிடிவாதம்? யாரோ வாதாடற மாதிரி வாதாடறே."

"யாரோ இல்ல சார். என் பேர்தான் அது."

புரியவில்லை அவருக்கு. மறுபடியும் சொன்னேன். "நான் பறையர் வீட்டுப் பொண்ணு சார்."

என் வாயால், வீட்டுக்கு வெளியே, முதல்முறை.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார். "பாத்தாத் தெரியலையேம்மா" என்றார்.

பாராட்டாகச் சொன்னார்! ஏதோ அம்மைத் தழும்பு தெரியாமல் ஆறிவிட்டது என்பதுபோல. எது தெரிய வேண்டும்? இருபத்தேழு வருடமாகக் கண்ணாடி பார்க்கிறேன், எனக்கே தெரியவில்லை. நான் எழுதும் தமிழைப் பார்த்து நான் யாரென்று முடிவு கட்டியிருக்கிறார்கள். நல்ல தமிழ் என்றால் அவர்கள் வீட்டில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

"மூணாவது சான்றைப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தார். 'மூன்று: இவ்வகராதி, இரண்டாம் பதிப்பு, பக்கம் 612. பதிப்பாசிரியர்: சி. அம்பலவாணன்.'

"வெச்சுட்டுப் போ" என்றார்.

மார்ச் 26, செவ்வாய்

சாப்பிடும்போது கோமளா அக்காவிடம் ஊறுகாயை நீட்டினேன். "வேணாம்மா, வயிறு சரியில்ல" என்றார். பிறகு ரொம்பப் பரிவாக, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, நான் வித்தியாசமே பாக்கமாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் டப்பாவில் இருந்த மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

மார்ச் 28, வியாழன்

சாருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. என் வாக்கியத்தை அப்படியே போடலாமாம். ஆனால் கீழே சிறிய எழுத்தில், 'இச்சமூகத்தைச் சேர்ந்த எம் உதவிப் பதிப்பாசிரியர் ஒருவரின் கருத்து' என்று ஒரு குறிப்பு. "உனக்கும் ஒரு அங்கீகாரம் மாதிரி" என்றார்.

அறுபதாயிரம் சொற்கள் உள்ள அகராதி. ஒரு சொல்லுக்குக்கூட எழுதியவர் பெயர் கிடையாது.

"கட்டுமரத்துக்குக் கீழே, இது மீனவர் ஒருவரின் கருத்துன்னு போட்டிருக்கோமா சார்?"

சார் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.

"மூணு சான்று இருந்தா அது கருத்து இல்ல, தகவல். நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"எல்லாத்துக்கும் வார்த்தைக்கு வார்த்தை பேசறே" என்றார்.

இந்த ஒரு சொல்லுக்குத்தான் பேசியிருக்கிறேன். மூன்று வருடம் பேசாமல் இருந்ததையும் சேர்த்து யாராவது கணக்கெடுக்கலாம்.

மார்ச் 31, ஞாயிறு

துவைத்தேன். தூங்கினேன். அலமாரியைத் திறந்து தொக்கை நடுவில் வைத்துச் சாப்பிட்டேன். வார்டன் கதவைத் தட்டி, "என்ன வாசனை?" என்றார். "கருவாடு" என்றேன். இனி கொண்டுவரக் கூடாது என்றார். அது விடுதி விதி, ஒப்புக்கொண்டேன். எல்லா விதியோடும் எனக்குச் சண்டை இல்லை.

ஏப்ரல் 3, புதன்

பி வரிசையில் என் சொற்கள் நூற்றுப் பதினொன்று பச்சையோடு திரும்பி வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை. அந்தச் சொல்லையே விட்டுவிட்டால் என்ன என்று சார் தொலைபேசியில் யாரிடமோ கேட்டது என் காதில் விழுந்தது. மக்களைத்தான் ஊருக்கு வெளியே வைத்தோம், சொல்லையும் புத்தகத்துக்கு வெளியே வைத்துவிடலாம், அவ்வளவுதானே?

அந்தத் தாள் வராமல் க்யூ வரிசையைத் தொடமாட்டேன் என்று எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

தாள் வந்தது. பச்சை ஒப்பம். நான்கு வாக்கியமும் அப்படியே இருக்கின்றன. குறிப்பு இல்லை. கட்டமும் இல்லை. அவருடைய விதியை அவரால் மீற முடியவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் சார் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாங்க நித்திலா. உட்காருங்க."

மூன்று வருடம் 'வாம்மா' என்று கூப்பிட்டவர். போன வாரம் வரைக்கும் ஒருமையில் திட்டியவர். மரியாதை கூடியிருக்கிறது என்று நான் மகிழ வேண்டுமோ என்னவோ. நான் உட்கார்ந்த நாற்காலி அரை அடி பின்னால் போனதுபோல் இருந்தது.

"க்யூ வரிசையிலிருந்து நீங்க விடுதியிலருந்தே வேலை பாக்கலாம்" என்றார், மேசையிலிருந்த தாள்களை அடுக்கியபடி. "வெயில் வேற தொடங்கிடுச்சு. பஸ்ல வந்து போறது சிரமம். தாளெல்லாம் அனுப்பிவைக்கச் சொல்றேன். உங்க சௌகரியத்துக்குத்தான் சொல்றேன்."

கதவுக்கு வெளியே கோமளா அக்கா நின்றிருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"கோமளா அக்காவும் வீட்லருந்துதானா சார்?"

"இல்ல, அவங்க இங்க வரணும்."

"நீங்க?"

"நான் வராம எப்படி?"

"வெயில் எல்லாருக்கும்தானே சார் அடிக்குது?" என்றேன்.

அவர் தாள்களை அடுக்கி முடித்திருந்தார். மறுபடியும் கலைத்து அடுக்கத் தொடங்கினார். நான் எழுந்து, க்யூ வரிசைத் தாள்களை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன். விரல்கள் பட்டன. இருவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இருவருமே கவனித்தோம்.

வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். ஆறு மணிவரை எழுந்திருக்கவில்லை. ஏழு சொற்கள் முடித்தேன்.

நாளைக்கும் திங்கட்கிழமைக்கும் இரண்டு சுடிதார் இஸ்திரி போட்டாயிற்று. நாளை சனிக்கிழமை, விடுமுறைதான். ஆனாலும் ஒன்பது மணிக்குப் போய் அப்பா சொன்ன அந்த நாற்காலியில் உட்காரப் போகிறேன்.